அம்மாவின் குளியலறைக்கு ஒரு நிலை



வீட்டு வேலை ஒருவழியாக முடிந்தது. "என்ன சார், ஆளையே காணோம்" என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். நாலு மாதமாகச் சிமெண்டுத் தூசிக்குள் இருந்தேன். இந்த நாலு மாதத்தில் டைல்ஸ், பெயிண்ட், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் யோசித்ததைவிட, கதவு நிலைகளுக்கு யோசித்தது அதிகம். "நிலைக்குப் போய் இவ்வளவு யோசனையா" என்று தம்பி போனில் சிரித்தான். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பிலும் நான் மணி அடித்த பிறகு பத்து நிமிடம் எடுத்துக்கொள்பவன்தானே.

கதவு பிடிக்கவில்லை என்றால் கீலைக் கழற்றி வேறு கதவு மாட்டிவிடலாம், அரை நாள் வேலை. நிலை அப்படி இல்லை. கிளாம்ப் வைத்துச் சுவரோடு சேர்த்துக் கட்டியது. அதை எடுப்பதென்றால் சுவரை உடைக்க வேண்டும், பூச்சு போகும், ஓரத்து டைல்ஸ் போகும். அதனால் நிலைக்கு எடுக்கும் முடிவு இருபது முப்பது வருடத்துக்கு எடுக்கும் முடிவு. ஆனால் நம் வீடுகளில் அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? முன்வாசலுக்கு நல்ல தேக்கு, ஐந்துக்கு மூன்று கனத்தில், பூ வேலைப்பாட்டோடு. நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, அடியில் நவதானியமும் காசும் போட்டு நிறுத்துகிறோம். உள்ளறைகளுக்குக் கொஞ்சம் குறைந்த மரம். கடைசியில் குளியலறைக்கு வரும்போது கையில் காசும் இருக்காது, மனதில் பொறுமையும் இருக்காது. "ஏதாவது ஒன்னப் போடுங்கப்பா" என்று சொல்லிவிடுவோம். அகலமும் அங்கேதான் குறையும். முன்வாசல் மூன்றரை அடி, குளியலறை இரண்டே கால் அடி, இரண்டரை அடி.

இந்த வரிசையே தலைகீழ் என்பது என் கட்சி. முதலில் குளியலறை நிலையை முடிவு செய்யுங்கள். முன்வாசல் கடைசியில் வரட்டும். ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், நான் அதைச் செய்யாமல் விட்டதற்கு என் அம்மா மணிக்கட்டு முறிந்து விலை கொடுத்தார்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் நம் ஊரில் யாருக்கும் மறந்திருக்காது. தாமிரபரணி வண்ணார்பேட்டைப் பக்கம் ஏறியபோது எங்கள் வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர், இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு சேற்றை அள்ளிக் கழுவினோம். டி.வி. வைத்திருந்த எம்.டி.எஃப். அலமாரி பாலில் போட்ட ரொட்டி மாதிரி உப்பிவிட்டது, அது கண்ணுக்குத் தெரிந்த நஷ்டம். நிலைகள் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தன. அம்மாவின் அறையோடு சேர்ந்த குளியலறை நிலையில் மட்டும் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன், கொஞ்சம் உள்ளே போயிற்று. அப்போதே ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் செய்தது என்ன? பட்டி வாங்கி அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே எனாமல் அடித்தேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது. அதில் எனக்குப் பெருமை வேறு. வெள்ளத்துக்கு முன்பே பல வருடமாகக் குளிக்கிற தண்ணீர் தெறித்துத் தெறித்து அந்தக் கால் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. தரைக்குள் புதைத்த பகுதி வழியாகக் கரையானும் ஏறியிருக்கிறது. நான் அடித்த பெயிண்ட் அதையெல்லாம் அழகாக மூடிவைத்தது.

அம்மாவுக்கு 84 வயது. முட்டி வலிக்காக வாக்கர் வைத்து நடப்பார். வாக்கர் அந்தக் கதவுக்குள் நுழையாது, வெளியே விட்டுவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போவார். போன வருடம் புரட்டாசியில் ஒரு விடிகாலை அப்படிப் பிடித்தபோது நிலைச் சட்டம் அவர் கையோடு வந்துவிட்டது. கால் கீழ்ப்படியில் தட்டி உள்பக்கமாக விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்ததோடு போயிற்று, இடுப்பு தப்பியது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது என்னைப் பார்த்து, "எய்யா, நான் ரொம்பப் பலமாப் பிடிச்சுட்டேன் போல" என்றார். தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அந்தப் பட்டி டப்பா அப்போதும் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வேலைக்கு வந்த ஆசாரி நம் மாணவர்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்பில் கணக்கில் 35-ஐத் தாண்டாத ஆள். இன்றைக்கு மரக்கடையில் நின்றுகொண்டு கன அடியை மனசிலேயே போடுகிறார். நான் போனில் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருக்கும்போது விடை சொல்லிவிட்டார். அவரும் நானும் செங்கோட்டைப் பக்கம் மரக்கடைகளுக்கு இரண்டு நடை போய்வந்தோம். நான் கணக்கு வாத்தியார் என்று அவர் பெருமையாக அறிமுகப்படுத்தியதில் கடைக்காரர் முகம் லேசாகச் சுருங்கியது.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஏழு அடிக்கு மூன்று அடி நிலை, கீழ்ப்படி இல்லாமல். இரண்டு கால் 14 அடி, மேல் சட்டம் கொம்போடு சேர்த்து மூன்றரை அடி, மொத்தம் 17.5 அடி. மரம் ஐந்துக்கு மூன்று அங்குலம் என்றால் 15-ஐ 144-ஆல் வகுத்து 17.5-ஆல் பெருக்குங்கள்: 1.82 கன அடி. நாலுக்கு இரண்டரை என்றால் 1.22 கன அடிதான். மூன்றில் ஒரு பங்கு மரம் குறைகிறது. உள்ளறைக்கு நாலுக்கு இரண்டரை தாராளம். இரண்டாவது விஷயம்தான் முக்கியம். ஐந்துக்கு மூன்று என்று பில் போட்டு வருகிற மரத்தை டேப் வைத்து அளந்தால், சில இடங்களில் நாலே முக்காலுக்கு இரண்டே முக்கால் இருக்கிறது. "அறுப்பில் போயிருச்சு" என்பார்கள். கால் அங்குலம்தானே என்று விடாதீர்கள். 15 சதுர அங்குலத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு 13 சொச்சம் கொடுக்கிறார்கள், நூற்றுக்குப் பதின்மூன்று போய்விட்டது. அறுத்து இழைத்த பிறகு எவ்வளவு இருக்கும், எந்த அளவுக்குக் காசு என்று முதலிலேயே பேசிக்கொண்டால் சண்டையில்லை.

தேக்கு பற்றித் தம்பிக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். "அண்ணே, ஒன்பது நிலையும் தேக்குல போடுவோம், நாலு பேரு வந்து போற வீடு" என்றான். நாலு பேர் வந்து குளியலறை நிலையையா தட்டிப் பார்க்கப் போகிறார்கள்? தேக்கு நல்ல மரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நல்ல பெயரெல்லாம் வைரத்துக்கு உரியது. நடுவில் இருக்கும் கருத்த பகுதியைத்தான் கரையான் தொடத் தயங்கும். ஓரத்து வெளுத்த பகுதி தேக்கே ஆனாலும் கரையானுக்கு விருந்துதான். எங்கள் பள்ளித் தமிழய்யா ஆசிரியர் அறையில் அடிக்கடி ஒன்று சொல்வார். உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும், வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறதாம். அந்தக் கணக்கில் பனை புல். நம் பக்கம் பனங்கை போட்டு ஓடு வேய்ந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது உடனே புரியும். மரக்கடையில் எனக்கு அவர் ஞாபகம் வந்தது. வயது முதிராத தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. சாயம் ஏற்றிப் பாலிஷ் போட்டுவிட்டால் இரண்டும் ஒரே நிறம். ஆகவே பாலிஷ் போடும் முன்பே மரத்தைப் பாருங்கள். முடிந்தால் வெட்டு முகத்தைப் பாருங்கள்.

"ஒரிஜினல் பர்மா தேக்கு சார்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். செட்டிநாட்டு வீடுகளில் நிற்கிறதே, அந்தப் பெயருக்கு இன்னும் மவுசு. மியான்மர் 2014-இலேயே உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. இன்று கப்பலில் வரும் தேக்கில் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டங்களில் வளர்ந்தது நிறைய. அது மட்டம் என்று சொல்ல வரவில்லை. எந்த ஊர் மரம், வைரம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள் என்கிறேன். ஊர்ப் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

முன்வாசல் நிலை அப்பா வீடு கட்டியபோது வைத்தது, கோங்கு. அதையும் எடுத்துவிட்டுத் தேக்குப் போடலாம் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு ஓடியது. ஆசாரி கைச்சுத்தியலால் மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வந்தார். கணீர் கணீர் என்று சத்தம். கடைசி அரை அடியில் மட்டும் ஒரு பக்கம் சத்தம் மாறியது. "சார், இத எடுக்கச் சொல்லுதிய பாருங்க, இப்ப இந்த மாதிரி மரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அடியில மட்டும் வெட்டி ஒட்டு வச்சிருவோம்" என்றார். அப்படியே செய்தோம். வெள்ளத்தில் இரண்டு நாள் நின்ற நிலை அது. பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் பழைய நிலையைத் தட்டிப் பார்க்காமல் விறகுக்குப் போடாதீர்கள்.

உள்ளறைகள் மூன்றுக்கும் வேம்பு. எங்கள் தோட்டத்தில் காற்றில் சாய்ந்த மரம். அறுத்து, இடையிடையே ரீப்பர் கொடுத்து, நிழலில் இரண்டு வருடம் அடுக்கி வைத்திருந்தோம். "அம்மன் மரத்த வீட்டுக்குள்ள நிலையா வைப்பாகளா" என்று சித்தி தயங்கினார்கள். "தாய் வாசல்ல நிக்கிறது நல்லதுதானே சித்தி" என்றேன், சமாதானமாகிவிட்டார்கள். கடையில் எங்களுக்குச் சொன்ன விலையில் வேம்பு தேக்கின் பாதிக்கும் கீழே. கசப்பு மரம் என்பதால் பூச்சி சுலபத்தில் அண்டாது. ஆனால் பச்சை மரத்தை அவசரப்பட்டுப் போட்டால் கோணிக்கொள்ளும். இது வேம்புக்கு மட்டுமல்ல, எல்லா மரத்துக்கும் பொருந்தும். மரம் நீளவாக்கில் சுருங்குவது கண்ணுக்கே தெரியாது, குறுக்கேதான் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே சட்டத்தில் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சுருங்கினால் அது முறுக்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஐப்பசி மழையில் கதவு இறுகி, சித்திரையில் இடைவெளி விடுவதும் இந்தக் குறுக்குக் கணக்குதான். கதவு செதுக்க வருகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நிலையை நிறுத்தும்போது இரண்டு காரியத்தைக் கூட நின்று பார்த்துச் செய்யச் சொன்னேன். சுவரை ஒட்டி மறைந்துவிடும் முதுகுப் பக்கத்துக்கும், அடிமுனைக்கும் தார் பூச வேண்டும். கண்ணில் படும் பக்கத்துக்கு மூன்று கோட்டு அடித்துவிட்டு, ஈரம் ஏறுகிற பக்கத்தை வெறுமையாக விடுவது பல இடங்களில் நடக்கிறது. இரண்டாவது, கால்களைத் தரைக்குள் புதைக்கக் கூடாது. முன்பெல்லாம் பிடிப்புக்காக இரண்டு மூன்று அங்குலம் தரைக்குள் இறக்குவார்கள். கரையான் மண்ணுக்குள்ளிருந்து வருவது, அது ஏற நாமே ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எங்கள் நிலைகள் ஒவ்வொன்றும் ஓர் அங்குலக் கிரானைட் துண்டின்மேல் நிற்கின்றன. பிடிப்புக்குப் பக்கத்துக்கு மூன்று கிளாம்ப். தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் அடிக்கொரு துளை போட்டுக் கரையான் மருந்தும் இறக்கினோம்.

பூஜை அறைக்கு மட்டும் தேக்கு. அது வீட்டம்மாவின் ஆசை, அதில் நான் கணக்குப் பார்க்கவில்லை. புறவாசலுக்கு ஜி.ஐ. தகட்டில் செய்த நிலை, உள்ளே சிமெண்ட் கலவை நிரப்பி நிறுத்தியது. நிரப்பாமல் விட்டால் கதவைச் சாத்தும்போதெல்லாம் தகர டப்பா மாதிரி சத்தம் கேட்கும். அடுக்களைக்கு நிலையே வைக்கவில்லை. கதவே இல்லாத வாசலுக்கு எதற்கு நிலை? சுவர் ஓரத்துக்குக் கிரானைட் ஒட்டி விட்டோம். ஒரு நிலைக் காசு மிச்சம்.

இங்கிலாந்தில் இருக்கும் என் மாணவி ஒருத்தி அவள் வீட்டு வேலையின் படம் அனுப்பியிருந்தாள். அங்கே அறைகளுக்கு நடுவில் சுவர் என்பது மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது. வாசலைச் சுற்றி ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலக் கனத்தில் பைன் மரமோ எம்.டி.எஃப். பலகையோ அடித்து வெள்ளைப் பெயிண்ட் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க அவ்வளவு நேர்த்தி. அந்த வீட்டுக்கு, அந்தச் சுவருக்கு அது சரி. நம் ஊரில் வாளித் தண்ணீர் ஊற்றித் தரை கழுவுகிற வீட்டுக்கு எம்.டி.எஃப். நிலையைக் கொண்டுவராதீர்கள். என் டி.வி. அலமாரி சாட்சி.

இனி குளியலறை. மகள் கோவையிலிருந்து, "அப்பா, யோசிக்காதீங்க, ரெண்டுக்கும் டபிள்யூ.பி.சி. போட்டுடுங்க" என்றாள். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்வது. தண்ணீரில் ஊறாது, கரையான் தின்னாது, அதெல்லாம் உண்மைதான். குறை என்னவென்றால் கடைக்குக் கடை தரம் மாறுகிறது, வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது. உள்ளே காற்றுக் குமிழ் அதிகமாக இருந்தால் ஸ்குரூ பிடிக்காது, நாளாவட்டத்தில் கீல் ஆடும். இதைக் கண்டுபிடிக்க ஒன்பதாம் வகுப்பு அறிவியல் போதும். கடையில் ஓர் அடி நீளத் துண்டு கேட்டு வாங்குங்கள். நாலுக்கு இரண்டரை என்றால் 120 கன அங்குலம், அதாவது சுமார் 1,966 கன சென்டிமீட்டர். வீட்டுத் தராசில் நிறுங்கள். நான் வாங்கி வந்த ஒரு துண்டு 1.1 கிலோ, இன்னொரு கடைத் துண்டு 1.4 கிலோ. அடர்த்தி முதலாவதில் 0.56, இரண்டாவதில் 0.71. இரண்டிலும் ஒரே ஸ்குரூவை இறக்கிப் பிடுங்கிப் பார்த்தார் ஆசாரி. முதலாவதில் கையோடு வந்தது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் வேடிக்கை. கனமானதையே பொதுக் குளியலறைக்கு வைத்தோம். அங்கே சுவரை இடித்து, மேலே புது லிண்டல் போட்டு, வாசலை 36 அங்குலமாக்கினோம். நிலைக்கு இரண்டு பக்கமும் இரண்டரை போக 31 அங்குலம் கிடைத்தது. சக்கர நாற்காலிக்கு 900 மில்லிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலத் தெளிவான வழி வேண்டும் என்பது பொதுக் கட்டடங்களுக்கான அளவு. வீட்டில் அவ்வளவு முடியவில்லை.

அம்மாவின் குளியலறையில்தான் சிக்கல். ஒரு பக்கம் காங்கிரீட் தூண், மறுபக்கம் குழாய்கள் இறங்கும் சுவர். கொத்தனார் கையை விரித்துவிட்டார். 30 அங்குலத்துக்கு மேல் ஒரு நூல்கூட அகலப்படுத்த முடியாது. அம்மாவின் வாக்கரை அளந்தேன், வெளி அகலம் இருபத்து நாலரை அங்குலம். பழைய மர நிலை பக்கத்துக்கு இரண்டரை, ஆக வழி 25. இதில் கதவு திறந்து நிற்கும்போது அதன் கனத்தில் முக்கால் அங்குலம் வழிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். மிஞ்சியது இருபத்து நாலே கால். கால் அங்குலம் பற்றாமல்தான் என் அம்மா ஐந்து வருடமாக வாக்கரை வெளியே விட்டுவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். முப்பத்து மூன்று வருடம் அளவியல் நடத்தியவன் வீட்டில், ஒருநாள்கூட டேப்பை எடுத்து அதை அளந்ததில்லை.

டபிள்யூ.பி.சி. போட்டாலும் அதே இரண்டரை அங்குலம்தான், அதே 25 அங்குலம்தான். அப்போதுதான் ஆசாரி கிரானைட் சொன்னார். முக்கால் அங்குலக் கல்லைச் சுவர் ஓரத்தில் முழு அகலத்துக்கு ஒட்டி, அதன்மேல் கதவு வந்து தட்டி நிற்க இன்னொரு முக்கால் அங்குலப் பட்டி. பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு பக்கமும் மூன்று. வழி 27. கதவின் கனம் போக இருபத்தாறரை அங்குலம் கிடைத்தது. வாக்கர் போக இரண்டு பக்கமும் ஆளுக்கு ஓர் அங்குலம் மிச்சம். கல்லுக்கு ஊறலும் இல்லை, கரையானும் இல்லை. கீலுக்குத் துளை போடும்போது மட்டும் நிதானம் வேண்டும், விளிம்பு தெறித்துவிடும். துளைக்குள் பிளக் அடித்து ஸ்குரூ இறக்கினார். கனமான கதவு தாங்காது என்பதால் லேசான பி.வி.சி. கதவு. அது வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தோம். உள்ளே யாராவது விழுந்தால் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார்கள், உள்பக்கம் திறக்கிற கதவு என்றால் உடைத்துத்தான் போக வேண்டும். கீழ்ப்படியை எடுத்துவிட்டு, அரை அங்குல உயரத்தில் இரண்டு பக்கமும் சரித்த சொரசொரப்பான கல். தண்ணீர் வெளியே வராது, காலும் தட்டாது. பிடித்துக்கொள்ள நிலை வேண்டாம் என்று சுவரிலேயே எவர்சில்வர் கைப்பிடி.

ஒன்பது வாசலில் செலவு குறைந்த வாசல்களில் அதுவும் ஒன்று. தம்பி பொங்கலுக்கு வந்து பார்த்தான். தேக்குப் பேச்சை எடுக்கவில்லை. அந்தக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, சென்னைக்குப் போன மறுநாள் அவன் மாமியார் வீட்டுக் குளியலறைக் கதவின் அளவைக் குறித்து அனுப்பியிருந்தான். இருபத்து மூன்றரை அங்குலம்.

உங்கள் வீட்டு அளவை அனுப்பினால் எனக்குத் தெரிந்த கணக்கைப் போட்டுச் சொல்கிறேன். சுவர் திறப்பின் அகலம், நிலையின் கனம், கதவின் கனம், மூன்றும் வேண்டும். வாக்கர் இருந்தால் அதன் வெளி அகலமும். அடியில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா என்று ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கிரானைட் நிலையின் படத்தை முதல் கமெண்டில் போடுகிறேன். அம்மா வாக்கரோடு உள்ளே போகிற படமும் எடுத்தேன், போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தலை வாரவில்லையாம்.